நூறு கோடியில் 35

உசிலம்பட்டிப் பக்கம் ஆஸ்துமா என்ற சொல்லைச் சட்டென்று வாயில் எடுக்க மாட்டார்கள். "பிள்ளைக்கு வீசிங் இருக்குண்ணே" என்பார்கள். மார்கழிப் பனியில் வரும், கதிரடிக்கிற தூசியில் வரும், வீட்டில் அரப்பு இடிக்கிற அன்றைக்கும் வரும். (ஊருக்குப் பெயர் கொடுத்ததாகச் சொல்லப்படும் உசிலை மரத்தின் இலைதான் அரப்பு. அதை இடிக்கிற இடத்தில் நின்றுவிட்டுத் தும்மாமல் வந்த ஆள் குறைவு.) அப்பத்தாக்கள் காலத்தில் இதே உபாதைக்கு இழுப்பு, இரைப்பு, ஈளை என்று பல பெயர்கள். இப்போது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வீசிங். ஆங்கிலச் சொல்தான், ஆனால் அது நம்மூரில் செய்கிற வேலை வேறு. ஆஸ்துமா என்றால் ஆயுளுக்கும் ஒட்டிக்கொண்ட நோய், வீசிங் என்றால் வந்துவிட்டுப் போய்விடுவது. பொம்பளப் பிள்ளையாக இருந்தால் "சீட்டுல ஆஸ்துமான்னு எழுதாதீங்க சார்" என்று கேட்கிற பெற்றோர் இன்றும் உண்டு. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் அதைப் பார்த்துவிட்டால்?

இப்படிச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற நோயை எப்படி எண்ணுவது? 1990களில் உலகமே இந்தச் சிக்கலில் மாட்டியது. பிள்ளைகளிடம் ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்காக 'ஐசக்' என்ற பன்னாட்டு ஆய்வு 1991ல் தொடங்கியது. 56 நாடுகளில் 13, 14 வயதுப் பிள்ளைகள் மட்டும் நாலரை லட்சத்துக்கு மேல். நம் பக்கத்தில் சென்னையும் நெய்வேலியும் அதன் மையங்களாக இருந்தன. கருவி எதுவும் கிடையாது, ஒரு கேள்வித்தாள்தான். கடந்த 12 மாதங்களில் உன் நெஞ்சில் விசில் மாதிரிச் சத்தம் வந்ததா? 1998ல் முடிவுகள் வெளியானபோது பிரிட்டனில் சுமார் 32 சதவீதம் பிள்ளைகள் ஆமாம் என்றிருந்தார்கள். இந்திய மையங்களின் சராசரி 6 சதவீதம்தான். இந்த வித்தியாசத்தில் நுரையீரலின் பங்கு எவ்வளவு, சொல்லின் பங்கு எவ்வளவு? ஆய்வை நடத்தியவர்களுக்கே அந்தச் சந்தேகம் முன்கூட்டியே இருந்தது. அதனால்தான் மூச்சிரைக்கிற ஆட்களைப் படம் பிடித்து, "உனக்கு இப்படி வந்திருக்கா?" என்று கேட்கிற வீடியோக் கேள்வித்தாளையும் சேர்த்து வைத்திருந்தார்கள்.

சொல்லை நம்ப முடியாத இடத்தில் கருவி வந்து உட்காரும். மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கிற அழற்சியை, ரத்தம் எடுக்காமல், ஊசி குத்தாமல், ஒரே ஊதலில் சொல்லிவிடுகிற கையடக்கக் கருவி இப்போது இருக்கிறது. 'ஃபெனோ' சோதனை என்பார்கள். வெளிவிடும் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு எவ்வளவு என்று அது அளக்கும். அலகு பிபிபி, அதாவது நூறு கோடியில் ஒரு பங்கு. பிள்ளைகளுக்கு 35க்கு மேல் போனால் ஒவ்வாமை வகை அழற்சி இருக்க வாய்ப்பு அதிகம் என்று மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. திரையில் 41 என்று வந்தால் அதற்குக் கல்யாணப் பயமெல்லாம் கிடையாது. எண் பொய் சொல்லாது என்று நமக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் இந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்? அதற்கு இந்த வாயுவின் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். ஏனென்றால் நைட்ரிக் ஆக்சைடை வைத்துக் காற்றை அளக்க மனிதன் கிளம்பியது இது இரண்டாவது முறை.

*

முதல் முறை 1772ல். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பாதிரியாராக இருந்த ஜோசப் பிரீஸ்ட்லி, உலோகத்தை நைட்ரிக் அமிலத்தில் போட்டு ஒரு வாயுவை எடுத்தார். அவர் அதற்கு வைத்த பெயர் நைட்ரஸ் காற்று, இன்றைய பெயர் நைட்ரிக் ஆக்சைடு. தண்ணீர் மேல் கவிழ்த்த கண்ணாடிக் குழாயில் இதையும் சாதாரணக் காற்றையும் கலந்தால் பழுப்பு நிறப் புகை கிளம்பும், அது தண்ணீரில் கரையும், குழாயில் இருக்கும் காற்றின் அளவு சுருங்கும். மூச்சுவிட நல்ல காற்றாக இருந்தால் நிறையச் சுருங்கும், கெட்ட காற்றாக இருந்தால் கொஞ்சமாகச் சுருங்கும். அதுவரை காற்று நல்லதா கெட்டதா என்று பார்க்க அவர் எலியை உள்ளே அடைத்து எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கிறது என்று கவனித்துக்கொண்டிருந்தார். இனி எலி தேவைப்படவில்லை.

நாம் இன்று சொல்கிற காரணம் எளிது. நைட்ரிக் ஆக்சைடு ஆக்சிஜனோடு சேர்கிறது, எவ்வளவு ஆக்சிஜன் இருந்ததோ அவ்வளவு சுருங்குகிறது. ஆனால் ஆக்சிஜன் என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை. அதனால் ஐரோப்பிய அறிஞர்கள் இதை அப்படியே பெரிதாக எடுத்துக்கொண்டார்கள். காற்றின் நல்லது கெட்டதை ஒரு எண்ணாகச் சொல்லிவிடலாம்! 1775ல் மிலானைச் சேர்ந்த மார்சிலியோ லான்ட்ரியானி இதற்கென்று ஒரு கருவி செய்து யூடியோமீட்டர் என்று பெயர் வைத்தார். நல்ல காற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்த பெயர். ஃபிளாரன்ஸில் ஃபெலிஸ் ஃபான்டானா இன்னும் நுட்பமான ஒன்றைச் செய்தார். யான் இங்கன்ஹவுஸ் அதை எடுத்துக்கொண்டு கடல் காற்றை அளக்கப் போனார். சதுப்பு நிலம், மலையுச்சி என்று கருவியும் கையுமாகத் திரிந்தார்கள். எந்த ஊர்க் காற்று உடம்புக்கு நல்லது என்று பட்டியல் போட்டுவிடலாம் என்ற உற்சாகம் பத்து வருஷத்துக்கும் குறையாமல் நீடித்தது. இன்றைக்குக் கைபேசியில் காற்றுத் தரக் குறியீட்டைத் தட்டிப் பார்க்கிற நமக்கு அந்த உற்சாகம் புரியாமல் போகாது.

பட்டியல் உருப்படவில்லை. ஒரே ஊர்க் காற்றுக்கு ஒருவர் ஒரு எண் சொன்னார், இன்னொருவர் வேறு எண் சொன்னார். 1779 வாக்கில் ஃபான்டானாவே, ஊருக்கு ஊர் காற்றில் இருக்கும் வித்தியாசம் எல்லோரும் நினைப்பதைவிட மிகக் குறைவு, அளப்பவர்களின் பிழைதான் பெரிது என்ற முடிவுக்கு வந்துவிட்டார். கடைசி ஆணியை அடித்தவர் ஹென்றி கேவன்டிஷ். யாரோடும் பேசக் கூசுகிற, பெரும் பணக்காரரான, மகா பொறுமைசாலி. அவர் எந்த மலைக்கும் போகவில்லை. 1781ன் பிற்பாதியில் சுமார் 60 நாள்கள் லண்டன் காற்றை அளந்தார், பக்கத்திலிருந்த கென்சிங்டன் காற்றோடு ஒப்பிட்டார். 1783ல் வெளியிட்ட கட்டுரையில் அவர் பிரித்துக் காட்டியது இதைத்தான்: இரண்டு வாயுவையும் எவ்வளவு வேகமாகக் கலக்கிறீர்கள், குழாயைக் குலுக்குகிறீர்களா இல்லையா, எந்தத் தண்ணீரைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். இவற்றையெல்லாம் ஒரே மாதிரி வைத்துக்கொண்டு அளந்தால் எல்லா நாளும், இரண்டு இடத்திலும் காற்று ஒன்றுதான். அவர் கணக்கை இன்றைய பாஷையில் மாற்றிப் பார்த்தால் ஆக்சிஜன் 20.83 சதவீதம் வருகிறது. இன்றைய அளவு 20.95. கண்ணாடிக் குழாயும் தண்ணீரும் தராசும் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் இதைச் செய்திருக்கிறார்!

அதே கட்டுரையில் அவர் இன்னொன்றும் சொல்கிறார். காற்றில் கலந்திருக்கும் கேட்டைக் கண்டுபிடிப்பதில் நம் மூக்கு இந்தச் சோதனையைவிடப் பல மடங்கு நுட்பமானது என்கிறார். கருவி தப்பில்லை. அது ஆக்சிஜனைச் சரியாகத்தான் அளந்தது. சதுப்பு நிலத்துக் காற்றுக்கும் மலைக் காற்றுக்கும் இருந்த வித்தியாசம் ஆக்சிஜனில் இல்லை, அவ்வளவுதான். கேட்ட கேள்வி ஒன்று, கருவி பதில் சொன்ன கேள்வி வேறு.

*

வெளிக்காற்றை அளப்பதிலிருந்து உடம்புக்குள் போய் வருகிற காற்றை அளப்பதற்கு வர இன்னொரு அறுபது வருஷம் ஆனது. 1846ல் லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன் தன் ஸ்பைரோமீட்டரை விவரித்துக் கட்டுரை எழுதினார். தண்ணீரில் மிதக்கும் ஒரு வாளி, அதற்குள் ஊதினால் அது மேலே ஏறும், எவ்வளவு ஏறியதோ அவ்வளவு காற்று. 2,130 பேரை ஊத வைத்தார். கடலோடிகள், போலீஸ்காரர்கள், தீயணைப்பு வீரர்கள், குத்துச்சண்டைக்காரர்கள், ஏழை விடுதியில் இருந்தவர்கள், கனவான்கள். உயரம் ஓர் அங்குலம் கூடினால் காற்று 8 கன அங்குலம் கூடுகிறது என்று சூத்திரம் சொன்னார். ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களுக்கு இது உதவும் என்பது அவர் கணக்கு. ஒருவரின் மூச்சு சரியாக இருக்கிறதா என்பதற்கு 'யாரோடு ஒப்பிட்டு?' என்ற கேள்வி அன்றைக்கே கருவியோடு ஒட்டிக்கொண்டது.

அந்தக் கேள்வி சென்னைக்கு வந்து சேர்ந்தது 1930களில். தென்னிந்திய ஆண் மருத்துவ மாணவர்கள் 103 பேரின் மூச்சுக் கொள்ளளவைப் பற்றி கிருஷ்ணன், வரீது என்ற இருவர் 1932ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் எழுதினார்கள். அதே வருஷம் அதே இதழில், சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியின் எலினோர் மேசன் தென்னிந்தியப் பெண்களுக்கான அளவீடுகளை வெளியிட்டார். வெள்ளைக்கார உடம்பை வைத்துப் போட்ட அட்டவணை நம் உடம்புக்குப் பொருந்துமா என்று இங்கேயே உட்கார்ந்து ஊத வைத்துப் பார்த்தவர்கள் இவர்கள். அந்த வரிசை அறுந்துபோகவில்லை. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் வி.கே. விஜயன் குழுவினர் 1990ல் சென்னையின் ஆரோக்கியமான இளைஞர்களையும், 2000ல் 7 முதல் 19 வயது வரையிலான தென்னிந்தியப் பிள்ளைகளையும் அளந்து அட்டவணை வெளியிட்டார்கள்.

இந்தியர்களின் மூச்சு அளவு ஐரோப்பியர்களைவிடக் குறைவு என்பதுதான் இந்த மாதிரி ஆய்வுகள் பலவற்றிலும் திரும்பத் திரும்ப வந்தது. ஏன் குறைவு? உடல்வாகா, சின்ன வயசுச் சாப்பாடா, அடுப்புப் புகையா? அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. ஆனால் மருத்துவமனைகள் அதற்காகக் காத்திருக்கவில்லை. வெள்ளைக்கார அட்டவணையில் வரும் எண்ணை 0.9ஆல் பெருக்கு, அதுதான் இந்தியனுக்கு இயல்பு என்று ஒரு குறுக்குவழி நடைமுறைக்கு வந்தது. இதில் ஒரு விபரீதம் உண்டு. வறுமையினாலும் புகையினாலும் ஒரு பிள்ளையின் நுரையீரல் வளராமல் போயிருந்தால், 'உங்க ஆளுக்கு இதுதான் நார்மல்' என்று சொல்லி அந்தக் குறையைக் கணக்கிலிருந்தே கழித்துவிடலாம். அமெரிக்காவில் கறுப்பினத்தவர்களுக்கு இதேதான் நடந்தது. 2023ல்தான் அமெரிக்க நெஞ்சக மருத்துவச் சங்கம் இனம் பார்க்காத சமன்பாட்டைப் பரிந்துரைத்தது.

இடையில் இன்னொரு கருவியின் கதையைச் சொல்ல வேண்டும், இது எனக்குப் பிடித்த கதை. வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலை ஆராய்ந்த வட்டாரத்திலிருந்து வந்தவர் மார்ட்டின் ரைட். ஒருவர் எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரை 1959ல் மெக்கரோவுடன் சேர்ந்து விவரித்தார். 1970களில் அது சுருங்கி ஒரு பிளாஸ்டிக் குழாயாகிவிட்டது. ஊதினால் முள் நகரும். மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம். உலகம் முழுக்க ஆஸ்துமாக்காரர்கள் அதை வீட்டில் வைத்துக்கொண்டார்கள். 1992ல் மில்லர் என்பவரும் அவர் சகாக்களும் இந்தக் கையடக்க மீட்டர்களைத் துல்லியமான இயந்திரத்தில் பொருத்தி ஊத வைத்துப் பார்த்தபோது, குழாயின் மேல் அச்சடித்த அளவுகோலே கோணலாக இருந்தது தெரிந்தது. நடுப்பகுதியில் உண்மையைவிடக் கணிசமாகக் கூட்டிக் காட்டியது. 2004ல்தான் ஐரோப்பாவில் புது அளவுகோல் கட்டாயமானது. நாற்பத்தைந்து வருஷம்! அத்தனை காலம் அது பயன்படாமலா இருந்தது? பயன்பட்டது. ஏனென்றால் அந்தக் கருவியை உபயோகித்தவர்கள் பெரும்பாலும் நேற்றைய தன்னோடு இன்றைய தன்னை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கோணலான அடிக்கோலை வைத்தும் பிள்ளை வளர்கிறானா என்று தெரிந்துகொள்ள முடியும். வேறு வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடும்போதுதான் தகராறு.

*

நைட்ரிக் ஆக்சைடு இருநூறு வருஷம் கழித்துத் திரும்பி வந்த விதம் விசித்திரமானது. மின்னலிலும் வண்டிப் புகையிலும் இருக்கிற ஒரு நச்சு வாயு என்றுதான் அதை எல்லோரும் நினைத்திருந்தார்கள். ரத்தக்குழாயை விரியச் செய்கிற ஏதோ ஒரு பொருளை நம் உடம்பு தானே சுரக்கிறது என்று 1980ல் ஃபர்ச்காட் கண்டார். அந்தப் பொருள் இந்த வாயுதான் என்று 1987ல் நிரூபணமானது. 1992ல் 'சயின்ஸ்' இதழ் இதை அந்த ஆண்டின் மூலக்கூறாக அறிவித்தது. 1998ல் நோபல் பரிசு. (இதய வலிக்கு நைட்ரோகிளிசரின் சாப்பிடச் சொன்ன மருத்துவர்களிடம் ஆல்ஃபிரட் நோபல் மறுத்துவிட்டார். அந்த மருந்து வேலை செய்வதே இந்த வாயு வழியாகத்தான்.)

1991ல் ஸ்டாக்ஹோமில் குஸ்தாஃப்சன் குழுவினர் முயல், கினிப்பன்றி, மனிதன் ஆகிய மூவரின் வெளிமூச்சிலும் நைட்ரிக் ஆக்சைடு இருப்பதைக் காட்டினார்கள். 1993ல் கரோலின்ஸ்காவின் ஆல்விங், வைட்ஸ்பெர்க், லுண்ட்பெர்க் மூவரும் ஆஸ்துமாக்காரர்களின் மூச்சில் அது கூடுதலாக இருக்கிறது என்றார்கள். ஒவ்வாமை வகை அழற்சியில் மூச்சுக்குழாயின் உட்சுவர்ச் செல்கள் இந்த வாயுவை அதிகமாக உற்பத்தி செய்கின்றன. ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்தால் அது குறைகிறது. ஒரு பிள்ளையின் நுரையீரலுக்குள் குழாயை விட்டுப் பார்க்காமல் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு ஜன்னல் கிடைத்துவிட்டது.

ஆனால் கேவன்டிஷ் குழாயைக் குலுக்கிய கதை இங்கேயும் திரும்பி வந்தது. மூக்கைச் சுற்றியுள்ள எலும்புக் குழிகளில் இந்த வாயு ஆயிரக்கணக்கான பிபிபி அளவுக்கு இருக்கிறது என்று 1995ல் தெரிந்தது. மூச்சுக்குழாயிலிருந்து வருவதோ பத்து, இருபது. மூக்குக் காற்று ஒரு துளி கலந்தாலும் எண் தாறுமாறாகிவிடும். அதனால் ஒரு தடைக்கு எதிராக ஊத வைக்க வேண்டும், அப்போது அண்ணத்தின் பின்பகுதி மேலேறி மூக்கை அடைத்துக்கொள்ளும். அடுத்தது வேகம். மெதுவாக ஊதினால் எண் கூடும், வேகமாக ஊதினால் குறையும். 1999லும் 2005லும் சர்வதேச வழிமுறைகள் வகுத்து, நொடிக்கு 50 மில்லிலிட்டர் என்று நிர்ணயித்தார்கள். பத்து நொடி சீராக ஊத வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்கு ஆறு நொடி. திரையில் வரும் படம் கோட்டுக்கு மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் பார்த்துக்கொண்டே ஊத வேண்டும். ஆறு வயசுப் பயலை அதைச் செய்ய வைப்பது அந்தந்த நர்ஸக்காவின் சாமர்த்தியம்.

முதலில் இருந்தவை மேசையை அடைத்துக்கொள்கிற எந்திரங்கள். உள்ளே ஓசோனை உற்பத்தி செய்து, அதோடு நைட்ரிக் ஆக்சைடு சேரும்போது கிளம்பும் மெல்லிய ஒளியை எண்ணும். வண்டிப் புகையை அளக்கவும் இதே தொழில்நுட்பம்தான். கரோலின்ஸ்கா ஆய்வாளர்களிடமிருந்து 1997ல் ஏரோகிரைன் என்ற நிறுவனம் பிறந்தது. அதன் எந்திரத்துக்கு 2003ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. பிறகு ஒளிக்குப் பதில் ஒரு சின்ன மின்வேதியியல் சென்சாரை வைத்து, கையில் தூக்கிப் போகும் அளவுக்குச் சுருக்கினார்கள். அதற்கு 2008ல் அனுமதி. இன்று நெஞ்சக மருத்துவர்களின் அறைகளில் இருப்பவை பெரும்பாலும் இந்த வகைதான்.

*

சரி, எண்ணுக்கு வருவோம். கையடக்கக் கருவி சொல்லும் 35 உண்மையில் எவ்வளவு?

ஒரே பிள்ளை அடுத்தடுத்து இரண்டு முறை ஊதினால் ஏறத்தாழ ஒரே எண் வருகிறது. இந்த விஷயத்தில் கருவி யோக்கியமானது. தயாரிப்பாளர்களே ஒப்புக்கொள்ளும் பிழை, 50க்குக் கீழே, கூட்டியோ குறைத்தோ 5 பிபிபி. அதாவது திரையில் 35 என்றால் 30ஆகவும் இருக்கலாம், 40ஆகவும் இருக்கலாம். ஒரு கம்பெனிக் கருவியின் எண்ணை இன்னொரு கம்பெனிக் கருவியின் எண்ணுக்குப் பதிலாக அப்படியே வைத்துக்கொள்ளவும் முடியாது. மதுரையில் ஒரு கருவியில் ஊதி, அடுத்த மாதம் சென்னையில் இன்னொன்றில் ஊதி, 'கூடிருச்சே' என்று பதறுவதில் அர்த்தமில்லை.

அடுத்தது, ஊதுகிற உடம்பு. கீரை, பீட்ரூட் மாதிரி நைட்ரேட் நிறைந்த சாப்பாடு எண்ணை ஏற்றும். வாயில் இருக்கிற பாக்டீரியாக்கள் செய்கிற வேலை அது. சளிக்காய்ச்சல் ஏற்றும். பீடி, சிகரெட் இறக்கும். சற்றுமுன் ஸ்பைரோமீட்டரில் முக்கி முக்கி ஊதியிருந்தால் இறங்கும். பிள்ளை வளர வளர, உயரம் கூடக் கூட எண் தானாக ஏறும். ஆஸ்துமாவே இல்லாமல், வெறும் மூக்கு ஒவ்வாமை மட்டும் இருக்கிற பிள்ளைக்கும் ஏறும். காலையில் தும்மித் தும்மி எழுந்திருக்கிற பிள்ளைகள் நம்மூரில் கொஞ்சமா?

கோடு எங்கே போடுவது என்பதிலும் ஒற்றுமை இல்லை. 2011ன் அமெரிக்க வழிகாட்டி 12 வயதுக்குக் கீழே 35ஐத் தாண்டினால் அதிகம் என்றது, அதற்கு மேலே 50. பதினோரு வயதில் 40 என்று வந்த பெண்ணுக்கு அழற்சி அதிகம். பன்னிரண்டாம் பிறந்தநாளைக் கொண்டாடிவிட்டு அதே 40ஐ ஊதினால் 'நடுத்தரம்'. பிரிட்டனின் இன்றைய வழிகாட்டியில் இந்தக் கோடு 16 வயதுக்கும் 17க்கும் நடுவே விழுகிறது. உடம்புக்குப் பிறந்தநாள் தெரியாது. வளரிளம் பருவத்தில் இந்தச் சோதனை தடுமாறும் இடம் இதுதான். கூடவே ஹட்சின்சன் காலத்துக் கேள்வியும் இருக்கிறது. கனடாவில் 9 முதல் 12 வயது வரையிலான ஆரோக்கியமான பிள்ளைகளை அளந்து 2008ல் வெளியான ஆய்வில், ஆசிய வம்சாவளிப் பிள்ளைகளின் எண் வெள்ளைப் பிள்ளைகளின் எண்ணைவிடக் கூடுதல். மூச்சின் கொள்ளளவில் நாம் குறைவு, மூச்சின் வாயுவில் நாம் அதிகம். அப்படியானால் நம் பிள்ளைகளுக்கு 35 என்பது எத்தனை?

எண்ணைப் பார்த்து மருந்தை ஏற்றி இறக்கினால் பிள்ளைகள் நலமாகிறார்களா என்றும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க நகரங்களின் ஏழைப் பகுதிகளில் 12 முதல் 20 வயது வரை 546 பேரைச் சேர்த்த ஆய்வு 2008ல் 'லான்செட்'டில் வந்தது. வழக்கமான முறைப்படி ஒரு பாதிக்கு மருந்து, அதோடு இந்தச் சோதனையையும் சேர்த்து இன்னொரு பாதிக்கு. சோதனை செய்யப்பட்டவர்களுக்கு ஸ்டீராய்டு அளவு கூடியது, தொந்தரவு சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. 2016ல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, திடீர்த் தாக்குதல்கள் குறைகின்றன, அன்றாடத் தொந்தரவு குறையவில்லை என்றது. 2022ல் பிரிட்டனில் 509 பிள்ளைகளிடம் செய்த பெரிய ஆய்வில் தாக்குதல்களும் குறையவில்லை.

இதை வைத்துக் கருவியைத் தூக்கிப் போட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்டீராய்டு இன்ஹேலர் இந்தப் பிள்ளைக்குக் கேட்குமா என்ற கேள்விக்கு அது நல்ல பதில் சொல்லும். வாங்கிக் கொடுத்த இன்ஹேலரைப் பையன் உண்மையிலேயே இழுக்கிறானா, இல்லை பள்ளிப்பையில் வைத்துவிட்டு 'இழுத்துட்டேம்மா' என்கிறானா என்பதையும் ஓரளவு காட்டிக் கொடுக்கும். 'இவனுக்கு ஆஸ்துமா இருக்கா இல்லையா' என்ற ஒற்றைக் கேள்விக்கு வாசற்காவலாளியாக நிறுத்தினால்தான் ஆபத்து.

*

உசிலம்பட்டியில் அந்த ஆபத்து எப்படி இருக்கும் என்று பார்ப்போம். விறகடுப்புப் புகையில் வளர்ந்த பிள்ளை ஒன்று. அம்மா சமைக்கும்போது பக்கத்திலேயே படுத்துத் தூங்கிய பிள்ளை. தமிழ்நாட்டுக் கிராமத்துச் சமையலறைகளில் எவ்வளவு நுண்துகள் மிதக்கிறது என்று ஸ்ரீராமச்சந்திராவின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் 2000களின் தொடக்கத்திலிருந்தே அளந்து எழுதியிருக்கிறார்கள். புகையால் மூச்சுக்குழாயில் வருகிற அழற்சி பெரும்பாலும் வேறு வகை, வேறு வெள்ளணுக்கள். அதில் நைட்ரிக் ஆக்சைடு ஏறுவதில்லை. அந்தப் பிள்ளை ஊதினால் 14 வரலாம். "ஒண்ணுமில்லம்மா, நார்மல்" என்று அனுப்பிவிட்டால் கருவி பொய் சொன்னதாக ஆகாது. கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. தமிழ்நாட்டில் 'ஈஸ்னோபீலியா' என்பது வீட்டுச் சொல். "அவனுக்கு ஈஸ்னோபீலியா இருக்கு, ஐஸ்க்ரீம் குடுக்காதே" என்று கேட்டிருப்பீர்கள். அது நோயின் பெயரே இல்லை, ரத்தத்தில் ஒருவகை வெள்ளணு கூடியிருக்கிறது என்ற ஆய்வக வரி மட்டும்தான். அது எப்படி நோயாக மாறியது என்பதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில் இருந்த டேனிஷ் மருத்துவர் ஃப்ரிமாட்-மோல்லர், பார்ட்டனோடு சேர்ந்து 1940ல் ஒரு கட்டுரை எழுதினார். காசநோய் என்று அனுப்பப்பட்டவர்களில் சிலருக்கு எக்ஸ்ரே காசநோய் மாதிரியே இருக்கிறது, கிருமி இல்லை, ஈஸினோஃபில் அணுக்கள் மட்டும் எக்கச்சக்கம். 1943ல் வைன்கார்ட்டன் இதற்கு வெப்பமண்டல ஈஸினோஃபீலியா என்று பெயரிட்டார். ராத்திரி இருமல், மூச்சிரைப்பு, பார்த்தால் அச்சு அசல் ஆஸ்துமா. யானைக்கால் நோய்ப் புழுவுக்கு உடம்பு காட்டும் எதிர்வினை அது என்று பிற்பாடு தெரிந்தது. ஆஸ்துமா மருந்து அதற்குப் போதாது, புழுவுக்கான மருந்து வேண்டும். அழற்சி 'இருக்கிறது' என்று ஒரு எண் சொல்லும். எதனால் என்று சொல்லாது. ஐரோப்பாவில் அந்த இடைவெளியை ஒவ்வாமை என்று நிரப்பிவிட்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும். குடற்புழுவும் கொசுவும் இருக்கிற ஊரில் இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது.

ஆனாலும் இங்கே பிள்ளைகளுக்கு நடக்கிற பெரிய தீங்கு தவறான எண்ணால் அல்ல. உலக நோய்ச்சுமை ஆய்வின் 2019 மதிப்பீட்டின்படி, உலகின் ஆஸ்துமாக்காரர்களில் சுமார் 13 சதவீதம் பேர் இந்தியாவில், ஆஸ்துமா இறப்புகளில் சுமார் 42 சதவீதம் இந்தியாவில். நோய் குறைவு, சாவு அதிகம். இன்ஹேலருக்குப் பழகிவிடும், அது கடைசி மருந்து, மாத்திரையே போதும் என்ற பேச்சுகள். வீசிங் வரும்போது ஓடிப்போய் நெபுலைசர் வைத்துவிட்டு, நின்றதும் மறந்துவிடுவது. நாள்தோறும் எடுக்க வேண்டிய மருந்து வாங்கப்படாமலேயே போகிறது. அங்கே ஒரு எண் உதவினாலும் உதவும். "சத்தம் நின்னுருச்சும்மா, ஆனா உள்ளே இன்னும் 60 இருக்கு பாருங்க" என்று திரையைக் காட்டினால் ஒரு தாய் அந்த இன்ஹேலரை நிறுத்தாமல் கொடுக்கலாம். சென்சாரைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும், ஒவ்வொரு ஊதலுக்கும் செலவு உண்டு. அதனால் தாலுகா மருத்துவமனை அளவுக்கு அது வருவதற்குள், சுமார் 40 கிலோமீட்டர் பஸ் ஏறி மதுரைக்குப் போகிறவர்களுக்குத்தான் கிடைக்கும்.

அதுவரைக்கும் சில நூறு ரூபாய் பீக் ஃப்ளோ குழாய் இருக்கிறது. காலையில் எழுந்ததும் மூன்று ஊதல், ராத்திரி படுக்கும் முன் மூன்று ஊதல், ஒவ்வொரு வேளையும் அதில் பெரியதை மட்டும் நோட்டில் எழுத வேண்டும். இரண்டு வாரத்தில் 28 எண்கள். காலைக்கும் ராத்திரிக்கும் நடுவே எண் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று ஒவ்வொரு நாளும் கணக்கிட்டு, பிள்ளைகளுக்கு அதன் சராசரி 13 சதவீதத்தைத் தாண்டினால் ஆஸ்துமா என்று சந்தேகிக்கலாம் என்கிறது சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டி. அளவுகோல் புதுசா பழசா என்பது இங்கே அவ்வளவு பெரிய விஷயமில்லை, ஒரே குழாயாக இருந்தால் போதும். நோட்டில் தேதிக்குப் பக்கத்தில் அன்றைக்கு அடுப்பு விறகா கேஸா, அரப்பு இடித்தார்களா, கதிரடித்தார்களா என்று ஒரு வார்த்தை எழுதி வைத்தால் மருத்துவருக்கு இன்னும் நல்லது.